நாலாவது டிஸ்க்

ராஜபாளையத்தில் நல்ல நேரம் பார்க்காமல் புது மோட்டாரில் சுவிட்ச் கூடப் போட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கமே இருப்பவள் நான். இது தெரிந்திருந்தும், சங்கையா அண்ணாச்சி காலண்டரைப் புரட்டியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன் பாருங்கள், அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

என் பெயர் சுமையா. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் காலையில் பஸ் பிடித்து ராஜபாளையம் வருவேன். மில்களின் கணினி வேலைகளைக் கிளவுடுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். கிளவுடு என்றதும் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: மேலே ஒன்றும் இல்லை, எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் நமக்காக ஒரு மெஷினையும் சில டிஸ்க்குகளையும் வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். பாதிப் பேருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

சங்கையா அண்ணாச்சிக்குச் சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி மில். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணியும் பஞ்சும் அங்கே தயாராகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று ஒரு பார்சலைத் திருப்பி அனுப்பியது. துணியில் ஏதோ கறை. அது எந்தத் தறியில் ஓடியது, யார் மடித்தது என்று நான்கு நாள் நோட்டுகளைப் புரட்டியும் தெரியவில்லை. அந்த நான்கு நாளும் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர் அண்ணாச்சியின் மனைவி பெத்தம்மாள். பேக்கிங் ஹாலில் முப்பது பெண்களை வைத்து வேலை வாங்கியவர். நான் அவரை மதினி என்பேன்.

"புண்ணுல கட்டுற துணி இது. கேட்டா கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள பதில் சொல்லணும், தறி நம்பரோட. அதுக்கு ஒரு வழி பண்ணு" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னது மதினிதான். அண்ணாச்சி பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

கண் மூடித் திறப்பதற்குள் என்றால் அதற்கு ஏற்ற டேட்டாபேஸ் வேண்டும். சாதாரண டேட்டாபேஸ் கேட்டபோதெல்லாம் டிஸ்க்கைத் தேடி ஓடும். நான் தேர்ந்தெடுத்தது மொத்தத்தையும் ராமிலேயே, அதாவது மெஷினின் நினைவகத்திலேயே, வைத்திருக்கும் வகை. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வரும்.

"அப்போ டிஸ்க்கே வேண்டாம்ல?" என்றார் அண்ணாச்சி.

எல்லா முதலாளிகளும் இதையே கேட்பார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவது என்பது இதுதான். மெஷின் நின்றுபோனால் ராமில் இருப்பது அத்தனையும் போய்விடும். அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு வரியையும் டேட்டாபேஸ் முதலில் லாக் என்ற டிஸ்க்கில் எழுதும். எழுதி முடித்த பிறகுதான் "சரி" என்று சொல்லும். படிப்பது ராமில், ஆனால் "சரி" வருவது டிஸ்க்கிலிருந்து. டிஸ்க் மெதுவாக இருந்தால் "சரி" மெதுவாக வரும். ராம் எத்தனை பெரிதானாலும் அதற்கு மருந்து கிடையாது.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி காலண்டரைப் பார்த்துவிட்டார். "வார புதங்கிழமை காலையில நல்ல முகூர்த்தம் இருக்கு. அதை விட்டா பொறவு பத்து நாளைக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணையாவது ஆரம்பிச்சிருவோம்."

என்னென்ன டிஸ்க் என்று நான் இன்னும் முடிவுகூடச் செய்யவில்லை. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, சரி, பேருக்கு ஒன்று போடுவோம், பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை, இருப்பதிலேயே வேகம் குறைந்த வகையில் அறுபத்து நாலு ஜிபி டிஸ்க் ஒன்றைத் திரையில் நிரப்பினேன். பெயர் மட்டும் காலியாக இருந்தது.

"இந்தா, நீயே அமுக்கு" என்றார் அண்ணாச்சி மதினியிடம்.

அவர் மதினியை அப்படித்தான் கூப்பிடுவார். முப்பத்தோரு வருடமாக "இந்தா." தூரத்தில் இருந்தால் "ஏ, இந்தா." அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. சண்டை இல்லை, அலட்சியமும் இல்லை. அவர்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்வது வழக்கம் இல்லை. மதினி முன் போக, அண்ணாச்சி பின்னால் "இந்தா, இந்தா" என்று வருவதைப் பேக்கிங் பெண்கள் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் பாரூக் தலைகீழ். ஒரு நாளைக்கு நூறு தடவை சுமையா, சுமையா என்று என் பெயரை ஏலம் போடுவார். தெருவுக்கே மனப்பாடம்.

மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "இதுல என்ன காலியா கெடக்கு?"

"டிஸ்க்குக்குப் பேர் வைக்கணும் மதினி."

"என்னம்மா வைப்பாக?"

நான் யோசிக்கவே இல்லை. ஆங்கில எழுத்தில் பெத்தம்மாள் என்று அடித்தேன். என்ன எழுதினேன் என்று வாசித்துக் காட்டியதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்த மில்லுலயே எம் பேரை எழுதுன ஒரே ஆளு நீதான் சுமையா." பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, ஒற்றை விரலால் அமுக்கினார்.

அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே விசாரிப்பு. "என் டிஸ்க்கு நல்லாருக்கா?" பிரசவத்துக்குப் போன மகளைக் கேட்கிற மாதிரி கேட்பார். "நல்லாருக்கு மதினி" என்பேன். ஒன்றும் எழுதாமல் வெறுமனே கிடந்த டிஸ்க்குக்கு என்ன கேடு வரப்போகிறது?

கேடு மதினிக்குத்தான் வந்தது. ஐந்தாவது வாரம், மத்தியானம், பேக்கிங் ஹாலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அச்சகத்தில் பெயர் கேட்டபோது அண்ணாச்சியால் பேச முடியவில்லை. பேக்கிங் சூப்பர்வைசர் மாரீஸ்வரிதான் போனை வாங்கிச் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணாச்சியே எனக்குப் போன் செய்தார். "அவ ஆசைப்பட்டது. முடிச்சுக் குடுத்துரும்மா."

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

லாக்குக்கு நான்கு டிஸ்க் போட்டு, நான்கையும் ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம். வருகிற வரியை நான்காகப் பிரித்து நான்கிலும் ஒரே சமயத்தில் எழுதும், அதனால் வேகம். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நான் மூன்று வேக டிஸ்க்குகளை உண்டாக்கினேன். நாலாவதை உண்டாக்கப் போனபோது பட்டியலில் பெத்தம்மாள் என்ற பெயர் இருந்தது. அளவு அதே அறுபத்து நாலு. வகைதான் வேறு. எத்தனை நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அழிக்க என் கை போகவில்லை. நாலாவதாக அதையே சேர்த்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மதினியும் இந்த வேலையில் இருக்கட்டும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை.

நான்கு பேர் ஒரு பீரோவைத் தூக்கினால், நொண்டுகிறவர் வேகத்தில்தான் மற்ற மூன்று பேரும் நடக்க முடியும். பேக்கிங் ஹாலில் சோதனை ஆரம்பித்த அன்றே அது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேனர் துப்பாக்கியால் சுட்டால் "பீப்" என்று சத்தம் வர வேண்டும். சுட்டார்கள். சத்தம் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகு வந்தது. அதற்குள் அந்தப் பெண், படவில்லையோ என்று மறுபடி சுட்டுவிடுவாள். ஒரு பெட்டி இரண்டு பெட்டியாகப் பதிவாகும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வைஃபையைக் குற்றம் சொன்னேன். அண்ணாச்சி புது வைஃபைப் பெட்டி இரண்டு மாட்டினார். பிறகு துப்பாக்கியைக் குற்றம் சொன்னேன். அது என்ன பாவம் செய்தது, பேசாமல் கிடந்தது. அண்ணாச்சி கடைசியில் ஆட்களின் மேல் பாய்ந்தார்.

"ஒரு தடவ சுடுன்னா ஒரு தடவதான் சுடணும்! அம்புட்டுப் பேருக்கும் சொல்லிக் குடுத்தியா இல்லையா? அவ இருந்திருந்தா இப்பிடி நடக்குமா?" என்று ஹால் நடுவில் வைத்து மாரீஸ்வரியிடம் கத்தினார்.

மாரீஸ்வரி பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். மதினியிடம் பன்னிரண்டு வருடம் வேலை பழகியவள் அவள். அந்தக் கடைசி வார்த்தை அவளைக் கொன்றுவிட்டது. நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதோடு, டேட்டாபேஸ் விற்ற கம்பெனிக்காரர்கள் அந்த வெள்ளிக்கிழமை டிஸ்க் வேகத்தைப் பரிசோதிக்க வருவதாக இருந்தார்கள். லாக் ஒரு தடவை எழுத ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். எங்களுக்கு இருபத்தேழு காட்டியது. ஒரு பெட்டியைப் பதிய நூறு தடவை எழுத வேண்டும், மூன்று எண்ணும் நேரம் அங்கேதான் போனது. தேறாவிட்டால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், மில் பழைய நோட்டுக்கே திரும்பும். மதினி கேட்டது அந்தரத்தில் நின்றுவிடும்.

சாயங்காலம் வீட்டில் பாரூக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே கேட்டார்.

"சுமையா, அந்த டிஸ்க்க வேகமா மாத்த முடியாதா?"

"முடியாது. அந்த வகையிலருந்து இதுக்கு மாத்த வழி கெடையாது. புதுசாத்தான் போடணும்."

"அப்ப நாளைக்கே அண்ணாச்சிகிட்டச் சொல்லிரு. அந்தப் புள்ள மாரீஸ்வரி ராத்திரி தூங்குவாளா, சொல்லு?"

தேங்காய்த் தண்ணீரை எனக்கு நீட்டினார். குடிக்க முடியவில்லை.

மறுநாள் செவ்வாய். காலையில் நேராக அண்ணாச்சியின் ஆபீஸ் அறைக்குப் போனேன். சுவரில் மதினி படம், அன்றைய கதம்பம் வைத்திருந்தது. நான் உட்காராமலே சொன்னேன். வைஃபை இல்லை, துப்பாக்கி இல்லை, மாரீஸ்வரி இல்லை. நான்தான். மதினி அமுக்கின டிஸ்க்கை அழிக்க மனசு இல்லாமல் நடுவில் வைத்தேன், அதுதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறது.

அண்ணாச்சி மதினி படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவ அமுக்குனதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"இன்னும் இருக்கா அது?"

"இருக்கு."

அவர் எழுந்து வந்து என் லேப்டாப்பைப் பார்த்தார். பட்டியலில் அந்த வரியைக் காட்டினேன். நாளும் நேரமும் போட்டிருந்தது: அந்தப் புதன்கிழமை காலை. அவர் விரலை அதன் மேல் வைத்து அப்படியே நின்றார்.

"அழிக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றேன் அவசரமாக. "கழட்டி ஓரமாப் போட்டுரலாம். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். பெரிய செலவு இல்ல. அந்த இடத்துல நான் புதுசு ஒண்ணு போட்டுக்கிறேன்."

அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பேக்கிங் ஹாலைப் பார்த்தார். "எங்க அய்யா உக்காந்த நாற்காலி ஒண்ணு இருந்துச்சு தெரியுமா? கால் ஒடைஞ்சு போச்சு. இருக்கட்டும்னு ஹால்ல ஒரு மூலையில வச்சேன். மறுநாள் பாக்கேன், காணோம். அவ அடுப்புக்குப் போட்டுட்டா. 'வேலை செய்யாத சாமான் வழியில கெடந்தா, வேலை செய்யுறவ தட்டி விழுவா'ன்னா." கொஞ்சம் சிரித்தார். "ரெண்டு நாள் நான் அவகூடப் பேசல. அவளும் பேசல."

அவர் மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பினார்.

"அவ இருந்திருந்தா இத என்ன பண்ணச் சொல்லுவா?"

அவருக்கே பதில் தெரியும். எனக்கும் தெரியும்.

"நானே அழிக்கேன்" என்றார். "எப்பிடின்னு சொல்லு."

டேட்டாபேஸை நிறுத்தினேன். பேக்கப் எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். நான்கு டிஸ்க்குகளையும் கழற்றினேன். பெத்தம்மாள் டிஸ்க்குக்கு நேராக அழிப்பதற்கான பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு கட்டம் வந்தது. தவறுதலாக யாரும் அழித்துவிடக் கூடாது என்று இப்படி ஒரு ஏற்பாடு: அழிக்கப்போகும் டிஸ்க்கின் பெயரை முழுதாக அடித்தால்தான் அடுத்த பொத்தான் வேலை செய்யும்.

இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் எத்தனையோ பெயர்களை அடித்திருக்கிறேன். அது என்ன கேட்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, பேரை அடிக்கணும்."

"யாரு பேரை?"

"மதினி பேரை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் எழுத்து எது என்று கேட்டார். சொன்னேன். விசைப்பலகையில் தேடி, ஒற்றை விரலால் அழுத்தினார். மதினி அமுக்கினது போலவே ஒற்றை விரல். அடுத்த எழுத்து. அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் தேடல். மொத்தமும் அடித்து நிமிர்ந்தார். பொத்தான் மங்கலாகவே இருந்தது.

"என்னம்மா, ஏத்துக்கிட மாட்டேங்குது?"

நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அவர் திரையில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகத் தொட்டு, தனக்குள் சொல்லிப் பார்த்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது.

"பெத்த... ம்மா..."

நிறுத்தினார். மதினி படத்தைத் திரும்பிப் பார்த்தார். "பெத்தம்மா" என்றார் முழுதாக. அந்தக் குரலில் அப்படி ஒரு கூச்சம், கல்யாணம் ஆன புதிதில் யாரோ சொல்லச் சொன்ன மாதிரி. அப்புறம் அழுதார். முப்பத்தோரு வருடமாகக் கூப்பிடாததை எல்லாம் சேர்த்து அழுதார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

விட்ட எழுத்தை அவரே போட்டார். பொத்தான் சிவந்தது. அமுக்கினார். பட்டியலில் அந்த வரி காணாமல் போனது.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். நாலாவது இடத்துக்கு வேக டிஸ்க் ஒன்றை நிரப்பினேன். பெயர்க் கட்டத்தில் லாக் நாலு என்று அடிக்கப் போனபோது அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"அந்தப் பேரு இப்பக் காலியாத்தான இருக்கு?"

"ஆமா. பழையது போயிருச்சுல்ல, வைக்கலாம்."

"தள்ளு."

இந்தத் தடவை அவர் என்னிடம் எழுத்துக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் அடித்தார், ஆனால் ஓர் எழுத்துகூட விடவில்லை. சுவரில் இருந்த காலண்டரில் என் கண் போனது. எமகண்டம் நடந்துகொண்டிருந்தது. சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

"பாத்துட்டேன்மா" என்றார் திரும்பாமலே. "அவளுக்கு எதுக்கு நேரம்?" அமுக்கினார்.

நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வேகத்தைச் சோதித்தேன். ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. இரண்டாவது தடவையும் அதே. வெள்ளிக்கிழமை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும்.

சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் ஹாலுக்குத் திரும்பியிருந்தார்கள். அண்ணாச்சி என்னோடு உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நேராக அவளிடம் போய், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உம்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நாந்தான் தெரியாமக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காத." பிறகு துப்பாக்கியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "சுடு."

சுட்டாள். விரலை எடுப்பதற்குள் பீப். அடுத்த பெட்டி, பீப். அதற்கடுத்தது, பீப். மாரீஸ்வரி கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள். வரிசையில் பத்துப் பெட்டி சுட்ட பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எப்பிடி இப்பிடி ஓடுது? யாரு பண்ணுனா?"

அவர் என் பக்கம் கை காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை.

"பெத்தம்மா" என்றார்.

முப்பது பெண்களின் கையும் நின்றது. பின்வரிசையில் யாருக்கோ கேட்கவில்லை போல, "என்ன சொன்னாக?" என்று ஒரு குரல். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.